கண் செய்த குற்றமா?

மருந்து அருந்தும்போது குரங்கை நினைக்கலாகாது என்று வைத்தியர் ஒருவர் பத்தியம் விதித்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த நோயாளி அதற்கு முன் ஒரு நாளேனும் குரங்கைப் பற்றி எண்ணியவன் அல்லன். பத்தியம் விதித்த நாள் தொட்டு, மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவுடன் குரங்கு வந்து எதிரே அமர்ந்துகொண்டது. விரட்ட விரட்ட அது பல்லைக் காட்டிற்று. இறுதியில் மருந்தும் உட்செல்லவில்லை; நோயும் தீரவில்லை.

அத்தகைய குரங்கு ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன். தன் பாலைச் சேர்ந்த ஒருவரிடத்தில் அழகைக் காண நேரும்போது, 'ஐயோ, இதனை நான் ஏன் கண்டேன்? கண்டதனால் நான் என்ன ஆனேன்?' என்று இளம் உள்ளங்கள் சில நடுங்குகின்றன. இந்த நடுக்கத்தை அறிந்தவர் பலர்; வாய் திறந்து சொன்னவர் சிலர். நானும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாய் திறவாதிருந்தவர்களுள் ஒருவன். ஆகவே, பிறர் கதையைச் சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுவதே நேர்மை.

1981-ஆம் ஆண்டு. காவிரிக் கரையில் அமைந்த ஒரு கல்லூரியில் பட்டப் படிப்பின் இறுதி ஆண்டில் பயின்று வந்தேன். விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் சடுகுடு ஆட்டத்தில் பெயர் பெற்றவன். மூன்று ஆண்டுகளாக ஒரே இலையில் உண்டோம் என்று சொல்லத்தக்க நட்பு எங்களுடையது. ஒரு நாள் மாலை, ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவன் மைதானத்தின் ஓரத்தில் நின்று துண்டினால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேற்கு வெயில் அவன்மேல் சாய்ந்திருந்தது. 'இவன் எவ்வளவு அழகாக இருக்கிறான்!' என்று என் மனம் சொல்லிற்று. அவ்வளவுதான் நடந்தது.

அது நடந்தது ஒரு நொடி. அதன் பின் நான் பட்ட பாடு ஓராண்டு. அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. 'ஓர் ஆண்மகனை அழகன் என்று எண்ணினாயே, நீ யார்?' என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. விடை சொல்ல முயன்றேன். விடை சொல்லச் சொல்லக் கேள்வி பெருகிற்று. மறுநாள் அவனைப் பார்க்கையில், 'இப்போதும் அவ்வாறு தோன்றுகிறதா?' என்று என்னை நானே சோதித்துக்கொண்டேன். சோதிப்பதற்காகவே மீண்டும் பார்த்தேன். பார்த்ததையே சான்றாகக் கொண்டு என்னைத் தண்டித்துக்கொண்டேன். கோயிலுக்குச் சென்றேன், நோன்பு இருந்தேன், பெண்களின் படங்களைப் பார்த்து என் மனத்தை அளந்தேன். எந்த அளவுகோலும் எனக்கு அமைதி தரவில்லை.

இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தேன். விடுதிக் காப்பாளரிடம் ஏதோ பொய்க் காரணம் சொல்லி வேறு அறைக்கு மாறிக்கொண்டேன். நண்பன் எதிரே வந்தால் வேறு வழியாகச் சென்றேன். அவன் இருமுறை என் அறை வாயிலில் வந்து நின்றான். படிக்க வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மூன்றாம் முறை அவன் வரவில்லை.

அந்த நாட்களில் எங்கள் தமிழ்ப் பேராசிரியர் கம்பராமாயணத்தில் தாடகை வதைப் படலத்தை நடத்தினார். விசுவாமித்திர முனிவர் இராமனை விளிக்கும் இடம் ஒன்று அங்கே வருகிறது. ஆடவரும் பெண்ணாகப் பிறந்திருக்கலாகாதா என்று ஏங்கும் தோளழகு உடையவனே என்னும் கருத்துப்பட முனிவர் அழைக்கிறார். வகுப்பில் ஒரே சிரிப்பு. பேராசிரியர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு, "இதனைச் சொன்னவர் யார்? காதல் வயப்பட்ட இளைஞரா? தவத்தில் மூத்த முனிவர். கவிஞர் இச்சொல்லை அவர் வாயில் வைத்தாரே, ஏன் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. தலை குனிந்திருந்தேன். அதனை அவர் கண்டுகொண்டார் போலும். மாலையில் என்னை ஆசிரியர் அறைக்கு அழைத்தார். என்ன துன்பம் என்று அவர் கேட்கவே இல்லை. "தம்பி, இன்னும் இரண்டு இடங்களைப் படித்துப் பார். சீவக சிந்தாமணியில், பெண்களும் கண்டு ஆணாகப் பிறந்திலமே என்று மயங்கத்தக்க பேரழகி ஒருத்தியைத் திருத்தக்கதேவர் பாடுகிறார். அவர் சமண முனிவர். கம்பரிலே, சூர்ப்பணகை சீதையை முதன்முதலில் காணும் இடம் இருக்கிறது. பகையாக வந்தவளே தன்னை மறந்து நின்று, பெண்ணாகப் பிறந்த தனக்கே இந்த நிலை என்றால் மற்றவர்க்கு என்னவாகும் என்று வியக்கிறாள். அழகைக் காண்பது கண்ணின் தொழில். கண்டதைப் பற்றி என்ன எண்ணுவது என்பது கருத்தின் தொழில். எண்ணியபின் என்ன செய்வது என்பது கையின் தொழில். நீதி நூல்கள் கையைக் கேள்வி கேட்கின்றன, கருத்தை நெறிப்படுத்துகின்றன. கண்ணைக் கூண்டில் ஏற்றிய நீதிமன்றம் எங்கும் இல்லை" என்றார்.

கண், கருத்து, கை என்ற அந்த மூன்றையும் நான் இன்றளவும் மறக்கவில்லை.

மாணவ நண்பர்களே, புலவர்கள் இவ்வாறு பாடியது உயர்வு நவிற்சி என்பதை நான் அறிவேன். அதனைக் கொண்டு அவர்கள் எல்லாவற்றுக்கும் இசைவு தந்தார்கள் என்று வாதிடுவது முறையாகாது. ஆனால் ஒன்று தெளிவு. ஆண் ஆணின் அழகைக் காண்பதும் பெண் பெண்ணின் அழகைக் காண்பதும் நாவால் சொல்லவும் நாணத்தக்கவை என்று அவர்கள் கருதவில்லை. திருப்பாணாழ்வார் அரங்கநாதனின் திருமேனியைத் திருவடி தொடங்கித் திருக்கண் வரை கண்டு கண்டு பத்துப் பாசுரங்கள் பாடினார். அது பக்தி, அதன் தளம் வேறு. எனினும் அங்கும் வாயில் அழகுதான். முருகு என்ற சொல்லுக்கே அழகு என்பது பொருள். திரு. வி. கலியாணசுந்தரனார் தம் நூல் ஒன்றுக்கு 'முருகன் அல்லது அழகு' என்றே பெயர் சூட்டினார். நம் ஊர்களில் ஆண் நண்பர் இருவர் கை கோத்து நடப்பதையும், தோழியர் ஒருவர்க்கு ஒருவர் பூச்சூட்டி, 'இன்று நீ எவ்வளவு அழகாக இருக்கிறாய்' என்று மகிழ்வதையும் யாரும் குற்றமாகக் கண்டதில்லை.

இனி உளநூலார் கண்டறிந்தவற்றுக்கு வருவோம். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் லாங்லாய் என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 1991-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆறு மாதக் குழந்தைகளுக்கு இரண்டிரண்டு முகப் படங்களைக் காட்டினர். ஒன்று பெரியவர்கள் அழகியது என்று மதிப்பிட்ட முகம். மற்றொன்று அவ்வாறு மதிப்பிடப்படாத முகம். குழந்தைகள் அழகிய முகத்தையே கூடுதலான நேரம் நோக்கின. ஆண் முகமாயினும் பெண் முகமாயினும் முடிவு அதுவே. மொழி அறியாத, ஆசை அறியாத, பாவம் அறியாத குழந்தையின் கண்ணும் அழகைத் தேர்ந்து காண்கிறது என்றால், அந்தக் கண்ணை நாம் பெரியவர்களான பின் ஏன் கழுவேற்ற வேண்டும்?

அப்படியாயின், அச்சம் ஏன் இவ்வளவு வலிமையாக நம்மைப் பற்றுகிறது? நம் குரங்குக் கதைக்கு விடை தருவதுபோல் அமைந்த ஆய்வு ஒன்று உண்டு. டேனியல் வெக்னர் என்ற உளநூல் அறிஞர் 1987-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். மாணவர் சிலரை அழைத்து, ஐந்து நிமிடங்கள் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி ஓயவில்லை. பின்னர், இப்போது கரடியை நினைக்கலாம் என்று சொன்னபோது, முதலில் அடக்கி வைத்தவர்கள், தொடக்கம் முதலே நினைக்க இசைவு பெற்றவர்களைக் காட்டிலும் மிகுதியாக நினைத்தார்கள். அடக்கப்பட்ட எண்ணம் வளர்ந்து திரும்பி வருகிறது. நம் வைத்தியர் விதித்த பத்தியத்தின் பயனும் இதுவே அன்றோ!

மற்றொன்றும் கேளுங்கள். ஸ்டான்லி ராக்மன் என்ற அறிஞரும், இலங்கையில் பிறந்து இலண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வா என்ற அறிஞரும் 1978-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு செய்தனர். விரும்பாமலே உள்ளத்துள் நுழையும் எண்ணங்கள், அதாவது பழி, வன்செயல், முறையற்ற உறவு முதலியவை பற்றிய எண்ணங்கள், நோயுற்றவர்களுக்கு மட்டும் வருவன அல்ல. நலமாக வாழும் மக்களுள் பெரும்பாலோருக்கும் வருவனவே என்று கண்டனர். நலமுடையவர், 'ஏதோ ஓர் எண்ணம்' என்று அதனைப் போகவிடுகிறார். மற்றவரோ, 'இந்த எண்ணம் வந்ததே, அப்படியானால் நான் யார்?' என்று அதனைப் பிடித்து நிறுத்தி விசாரணை செய்கிறார். வந்த எண்ணம் வழிப்போக்கன். விசாரணையே அவனை வீட்டில் குடியேற்றி விடுகிறது.

நான் செய்த சோதனைகளை இப்போது நினைத்துப் பாருங்கள். அவனைப் பார்த்துச் சோதித்தேன். படத்தைப் பார்த்துச் சோதித்தேன். ஒவ்வொரு சோதனையும் ஒரு கணம் ஆறுதல் தந்தது. மறுகணம் ஐயத்தை இரட்டிப்பாக்கியது. இவ்வகை ஐயம் நாள் முழுதும் ஓயாது சுழன்று, படிப்பையும் உறக்கத்தையும் கெடுக்குமானால், அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. எழுகின்ற ஐயத்தை எழவிட்டு, அதனைத் தீர்க்கும் சடங்குகளைச் செய்யாதிருக்கப் பழக்குவதே அச்சிகிச்சையின் சாரம். அங்கே நோய் என்பது ஐயத்தின் சுழற்சிதான். அழகைக் கண்டது நோய் ஆகாது.

இவ்விடத்தில் உங்களுள் ஒருவர் எழுந்து, "ஐயா, நீங்கள் சொல்வது அழகை வியப்பதற்குப் பொருந்தும். என் உள்ளத்தில் இருப்பது வியப்பு மட்டும் அன்று, விருப்பமே என்றால் என்ன செய்வது?" என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி அது. அதனைத் தாண்டிச் சென்றால் என் பேச்சு அரைப் பேச்சாகிவிடும்.

என் வரையில் அது வியப்பாகவே இருந்து, காலப்போக்கில் தானே அமைதியுற்றது. ஆனால் அதே விடுதியில் இருந்த இன்னொருவர், ஐம்பது வயது கடந்த பின் என்னிடம் மனம் திறந்தார். அவருக்கு அது வியப்போடு நிற்கவில்லை. இளமை முதல் அவருடைய அன்பு தம் பாலாரையே நாடியது. அதனைப் பெற்றோரிடம் சொல்லவும் இயலாமல், தம்மிடம் மறைக்கவும் இயலாமல், முப்பது ஆண்டுகள் ஒரு குற்றவாளியைப் போல அவர் வாழ்ந்தார். 'நல்லவேளை, நான் அவரைப் போன்றவன் அல்லன்' என்று நான் ஆறுதல் கொண்டிருப்பேனானால், அது பிறர் துன்பத்தின் மேல் கட்டிய ஆறுதல் ஆகும். எனக்கு விடுதலை வேண்டும் என்றால் அவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

அறிஞர் உலகம் அந்த விடுதலையை மெல்ல மெல்ல வழங்கியிருக்கிறது. குளவிகளை ஆராய்ந்துகொண்டிருந்த விலங்கியல் பேராசிரியர் ஆல்பிரட் கின்சி, மனிதரின் பாலியல் வாழ்வைப் பற்றி ஆயிரக்கணக்கானோரைப் பேட்டி கண்டு, 1948-ஆம் ஆண்டில் ஆண்களைப் பற்றியும் 1953-ஆம் ஆண்டில் பெண்களைப் பற்றியும் இரு நூல்களை வெளியிட்டார். அவர் ஆட்களைத் திரட்டிய முறையில் குறை கண்டோர் உண்டு. எனினும், மனிதரை இவர் இப்படி, அவர் அப்படி என்று இரண்டே பெட்டிகளில் அடைக்க முடியாது என்று காட்டி, 0 முதல் 6 வரை ஏழு படிகளை அவர் வகுத்தது எண்ணத்தக்கது. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தற்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே செய்தது.

நம் நாட்டில், வெள்ளையர் ஆட்சியில் 1860-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு நெடுங்காலம் அச்சுறுத்தி வந்தது. வயது வந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்தப் பழைய சட்டம் நடப்பில் இருந்த காலத்திலுங்கூட, அது செயலைத்தான் தண்டித்தது. உள்ளத்தில் எழும் உணர்வைத் தண்டிக்கவில்லை. அச்சட்டத்தைக் காட்டிலும் கடுமையான சட்டத்தை நாம் நம் நெஞ்சுக்குள் இயற்றிக்கொண்டோம்!

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்த ஒரு தீர்ப்பை நான் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. ஒருவரையொருவர் விரும்பிய இளம்பெண்கள் இருவர் பாதுகாப்பு வேண்டி வந்த வழக்கு அது. நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைப் பற்றித் தமக்கு முன்முடிவுகள் உண்டு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தீர்ப்பு எழுதும் முன் உளநூல் வல்லுநர் ஒருவரிடம் மாணவரைப் போல் அமர்ந்து கேட்டறிந்தார். அதன் பின்னரே எழுதினார். இத்தகைய ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றிவிடுவதாகச் செய்யும் முயற்சிகளுக்கு அத்தீர்ப்பு தடை விதித்தது. நீதிபதியே கற்றுக்கொள்ள அமர்ந்தார் என்றால், நம் நெஞ்சுக்குள் இருக்கும் நீதிபதியும் சற்றே அமர்ந்து கற்றுக்கொள்ளலாகாதா?

எனவே, இளைய நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. அழகைக் கண்டீர்களாயின், கண்டீர்கள், அவ்வளவே. அதற்கு உடனே ஒரு பெயர் சூட்டி, உங்கள் வாழ்நாள் முழுவதையும் அப்பெயரில் எழுதிவைக்க வேண்டியதில்லை. காலம் சொல்ல வேண்டியதைக் காலம் சொல்லும். உங்களை நீங்களே சோதிக்கும் சோதனைகளை விடுங்கள். அவற்றில் தேறியவர் எவருமில்லை. கண்ணுக்குக் குற்றமில்லை என்று சொன்னேனே தவிர, கைக்குப் பொறுப்பில்லை என்று சொல்லவில்லை. ஆணாயினும் பெண்ணாயினும், பிறர் கூசும்படி உற்று நோக்குவதும், விரும்பாதவரைத் தொடர்வதும், ஒருவரை ஏளனப் பெயரிட்டு அழைப்பதும் குற்றங்களே. குற்ற உணர்வுக்கு வேலை வேண்டுமானால் அங்கே கொடுங்கள்.

துன்பம் தாங்க முடியாததாகுமானால் தனியே சுமக்காதீர்கள். நம்பத்தக்க ஆசிரியர் ஒருவரிடமோ, மனநல மருத்துவரிடமோ சொல்லுங்கள். 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் அரசு உதவி எண் 14416. அதில் தமிழிலேயே பேசலாம்.

என் கதையின் கடைசிப் பகுதி இன்னும் இருக்கிறது. பேராசிரியர் சொன்ன சொல்லால் என் மனம் மெல்லத் தெளிந்தது. ஆனால் நண்பனிடம் திரும்பிச் செல்லும் துணிவு வரவில்லை. என்னவென்று சொல்வது? தேர்வுகள் முடிந்தன; அவரவர் ஊருக்குப் பிரிந்தோம். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2009-ஆம் ஆண்டில், ஒரு திருமண வீட்டில் அவனைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. நலம் விசாரித்தோம், பந்தியில் அருகருகே அமர்ந்தோம். இலையில் நீர் தெளித்தவாறே அவன் கேட்டான்: "அன்றைக்கு நான் என்ன தவறு செய்தேன் என்று சொல்லியிருக்கலாமே, அப்பா? நெடுநாள் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை."

அவன் ஒரு தவறும் செய்யவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஓராண்டு முழுவதும் குற்றம் இல்லாத இடத்தில் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் சொல்லாமல் ஒரு நண்பனின் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தினேனே, அந்த உண்மையான குற்றம் மட்டும் என் கண்ணில் படவே இல்லை. அன்று பந்தி முடிந்தபின் வாயிற்படியில் அமர்ந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இதற்காகவா?" என்று கேட்டு என் தோளில் கை வைத்தான்.

உங்கள் அச்சத்தின் காரணமாக நீங்கள் விலக்கி வைத்த நண்பரோ தோழியோ யாரேனும் இருந்தால், இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திராதீர்கள். உள்ளத்தில் இருப்பதை எல்லாம் சொல்ல வேண்டும் என்பதில்லை. 'தவறு உன்னுடையது அன்று' என்ற ஒன்றை மட்டுமேனும் நாளைக் காலையிலேயே சென்று சொல்லிவிடுங்கள்.